தானாக வந்தவள் ஆடிய ஆட்டம்

அந்தக் கல்லூரியில் கால்பந்து ஆடிய பெண்கள் இரண்டு வகையாக இருந்தார்கள். அழைத்து வரப்பட்டவர்கள் ஒரு வகை, தானாக வந்தவர்கள் இன்னொரு வகை. அழைத்து வரப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் கோல் அடித்த நாளிலேயே கண்டுவைக்கப்பட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டும், விடுதியில் கட்டிலும், காலையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும், முதுகில் எண் போட்ட சட்டையும் பெற்றவர்கள். தானாக வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போல மார்க் வாங்கிச் சேர்ந்து, பீஸ் கட்டிப் படித்து, ஏதோ ஒரு சாயங்காலம் மைதானத்து ஓரமாகப் போய் நின்று, "நானும் ஓடட்டுமா மேடம்?" என்று கேட்டவர்கள். வேண்டாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பதினொரு பேர் ஆடிப் பழக வேண்டுமென்றால் எதிரே பதினொரு பேர் நின்றாக வேண்டும், அந்தப் பதினொரு பேருக்குச் சட்டை தேவையில்லை.

ஜெசிந்தா தானாக வந்தவள். திண்டுக்கல்லுக்காரி, விலங்கியல் இரண்டாம் வருஷம். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார், அம்மா லூர்து மேரி நூல் மில்லில். இரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் ஒரு நாள் தவறாமல் வந்து ஓடியும், ஒரு போட்டியில் ஒரு நிமிஷம்கூட அவள் ஆடியதில்லை. போட்டிக்குப் பதினெட்டுப் பேரின் பெயர் எழுதுவார்கள், அவள் பத்தொன்பதாவது. போட்டி நாட்களில் தண்ணீர் கேனும் ஐஸ் பெட்டியும் தூக்கிக்கொண்டு வேனில் கடைசியாக ஏறுவாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், முதல் வருஷம் இருந்தது, பிறகு காய்ப்புக் காய்த்த இடம் மாதிரி அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பி.டி. தமயந்தி மேடம் கெட்டிக்காரி. அடுத்து மோதப்போகும் கல்லூரியின் பழைய ஆட்டங்களைப் போனில் பார்த்து, அங்கே யார் கெட்டி என்று கண்டுபிடித்து, அந்த வீடியோவை ஜெசிந்தாவுக்கு அனுப்பிவைப்பார். "இந்த வாரம் நீதான் இவ. இவ மாதிரியே ஓடு, இவ மாதிரியே அடி. நம்ம பிள்ளைங்க உன்னத் தடுத்துப் பழகட்டும்." ஜெசிந்தாவும் அப்படியே செய்வாள். செவ்வாய்க்கிழமை நடை வரும், புதன்கிழமை தோள் சாய்கிற விதம் வரும், அப்படி வந்துகொண்டிருந்ததில் ஒரு வியாழக்கிழமை முகமும் வந்துவிட்டது.

அது கரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரியின் முகம், நீண்ட தாடையும் முன்பல் எடுப்பும் கன்னத்தில் ஒரு பழைய தழும்பும் உள்ளது. பயிற்சி நடுவில் குழாயில் முகம் கழுவி நிமிர்ந்தவளை ஃபர்ஹானா உற்றுப் பார்த்தாள். ஃபர்ஹானா ஒதுக்கீட்டில் வந்த கோல்கீப்பர், ராமநாதபுரத்துக்காரி, ஜெசிந்தாவின் உதையை அந்த மைதானத்தில் அதிகம் வாங்கியவள்.

"ஏய், உன் மூஞ்சி மாறிடுச்சுடி."

"தெரியும். பல்லு உதட்ட இடிக்குது."

தமயந்தி மேடம் வந்து பார்த்தார், போனில் இருந்த படத்தையும் பார்த்தார், "நல்லது, கார்னர் எடு" என்றார். சனிக்கிழமை போட்டி முடிந்து நடுவர் நீளமாக விசில் ஊதியபோது, தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஜெசிந்தாவின் முகத்திலிருந்து அது வேர்வை காய்கிற மாதிரி போய்விட்டது. கல்லூரி ஜெயித்திருந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முகம் வந்தது. வாசல் வாட்ச்மேன் முதலில் இரண்டு நாள் அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், மூன்றாம் நாள் நோட்டில் 'முகம் வேறு, ஆள் அதே' என்று எழுதி உள்ளே விட்டார், அதற்குப் பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டார். போட்டி நடக்கும் மாதங்களில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு ஜெசிந்தாவின் முகமாற்றத்தைப் பேராசிரியர்கள் பொருட்படுத்த வேண்டாம் என்றும், தேர்வு எழுத வரும்போது மட்டும் மாணவி சொந்த முகத்தில் வர ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை விட்டார். வீட்டில் லூர்து மேரி, மில்லில் ஷிப்ட் முடிந்து பஞ்சு படிந்த தலையோடு வந்து, அந்த வாரத்து முகத்தைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்குக் கண்ணு அழகா இருக்கு" என்றோ "இவ என்ன, ரத்தமே இல்லாம இருக்கா" என்றோ சொல்லிவிட்டுச் சோறு போடுவாள். எந்த முகம் வந்தாலும் ஜெசி என்றுதான் கூப்பிடுவாள்.

கல்லூரி ஆறு போட்டிகளில் வரிசையாக ஜெயித்தது. எதிராளியோடு நான்கு நாள் ஆடிப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் எதிராளியோடு மோதினால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? ஃபர்ஹானா மட்டும் ஒரு நாள் மெஸ்ஸில் போய், ஜெசிந்தாவுக்கும் காலையில் முட்டை கொடுக்கலாமே என்று கேட்டாள். லிஸ்டில் பெயர் இல்லை என்றார்கள். லிஸ்டில் பெயர் இல்லைதான்.

இறுதிப் போட்டி கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு, திருச்சியில். அவர்களுடைய ஒன்பதாம் எண் சிவரஞ்சனி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பெண், ரஞ்சி என்று கூப்பிடுவார்கள். எதையோ பிடித்திருப்பவள் போல இடது கையை மூடிக்கொண்டு ஓடுவாள், வலது காலால் மட்டும்தான் அடிப்பாள், பந்து இடது காலுக்கு வந்தாலும் சுற்றித் திரும்பி வலது காலுக்கு மாற்றிக்கொண்டுதான் அடிப்பாள். ஜெசிந்தாவுக்கு இயல்பில் இடது கால். அதனால் இந்த முறை கஷ்டமாக இருந்தது. நாற்பது நிமிஷ வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து மூடிய கையோடு ஓடி ஓடி, புதன்கிழமை சாயங்காலம் முகம் வந்துவிட்டது. சின்ன நெற்றி, கறுத்த உதடு, எப்போதும் வெயிலைப் பார்ப்பது போல் சுருங்கிய கண்.

வியாழக்கிழமை காலை தமயந்தி மேடம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "இன்னிக்குப் பயிற்சி இல்ல. அந்த ரஞ்சனிப் பொண்ணு போயிடுச்சாம். மூணு நாள் காய்ச்சல். நேத்து சாயங்காலம்." பிறகு, சொல்ல வேறொன்றும் இல்லாததால், இறுதிப் போட்டியை மூன்று வாரம் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். ஜெசிந்தா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன நெற்றி இருந்தது, உதடு இருந்தது. போட்டி நடக்கவில்லை, விசில் ஊதவில்லை, அதனால் முகம் போகவில்லை.

செத்தவளின் முகத்தோடு ஜெசிந்தா வகுப்புக்குப் போனாள், பஸ் ஏறினாள், தவளையின் குடல் படம் வரைந்தாள். அவள் வந்தால் விடுதிப் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். மெஸ் அக்கா லிஸ்டைப் பார்க்காமல் இரண்டு முட்டையை உரித்துத் தட்டில் வைத்தாள். லூர்து மேரி மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்று ஒரே தட்டில் சோறு போட்டாள். ஜெசிந்தாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரியில்லை, பகலில்லை, எந்த நேரமும் குளிர்ந்த தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத்தான் இருந்தது.

யாரோ படம் எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்க வேண்டும். எட்டாம் நாள் ரஞ்சனியின் அம்மா அஞ்சலை வந்துவிட்டாள், கூட அவளுடைய தம்பி கலியன். பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்த களைப்போடு, விளையாட்டுச் சாமான் போடுகிற அறையில், வலைகளுக்கும் காற்று இறங்கின பந்துகளுக்கும் நடுவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா எதிரே வந்து நின்றாள். அஞ்சலை அழவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தாள். மத்தி மீன் வறுவலும் சோறும்.

"சாப்பிடு கண்ணு. பாக்கணும்."

ஜெசிந்தா சாப்பிட்டாள். ஒவ்வொரு முள்ளாக விரலால் எடுத்துச் சட்டி மூடியில் வைத்தாள்.

"அவ முள்ளெடுக்க மாட்டா. அப்படியே மென்னுடுவா" என்றாள் அஞ்சலை.

"நான் ரஞ்சனி இல்லம்மா. ஜெசிந்தா. வாரம் முடிஞ்சா முகம் போயிடும். இந்தத் தடவ மேட்ச் நடக்கல, அதான்."

"சொன்னாங்க. சாப்பாடு வேறதான். எங்க, கொஞ்சம் ஓடிக் காட்டு."

வெளியே வெயிலில் ஜெசிந்தா ஓடினாள். அவள் ஓட நினைத்தால் அந்த வாரம் அந்த ஓட்டம்தான் வந்தது. இடது கை தானாக மூடிக்கொண்டது. ஒரு சுற்று முடிந்து வந்தபோது அஞ்சலை புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுறது அவதான்டா" என்று தம்பியிடம் சொன்னாள்.

"அக்கா, பதினாறாம் நாள் வருது. காரியம் பண்ணணும். சனமெல்லாம் கேக்குது."

"ஓடிக்கிட்டிருக்கிறவளுக்கு எப்படிடா காரியம் பண்ணுவ?"

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. கல்லூரி முதல்வர் விருந்தினர் அறையைத் திறந்துவிடச் சொன்னார். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அஞ்சலை மைதானத்து ஓரம் வந்து உட்காருவாள், பயிற்சி முடியும்வரை பார்ப்பாள், எழுந்து போவாள். பிள்ளைகள் அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பந்து அவள் பக்கம் உருண்டால் எடுத்து எறிவாள். பதினாறாம் நாள் வந்தது, போனது. கலியன் ஊருக்கும் கல்லூரிக்குமாக அலைந்தான். செத்தவளுக்குச் சோறு வைக்காததால் குப்பத்தில் கல்யாணப் பேச்சை நிறுத்திவைத்தார்கள், படகுக்குப் பூஜை போடவில்லை, இன்னும் எத்தனை நாள் என்று அஞ்சலையிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடற்கரைக் கல்லூரியின் கோச் பொன்னம்பலம் தமயந்தி மேடத்தைப் பார்க்க வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், எங்ககிட்ட ஒன்பதாம் நம்பர் இல்ல. உங்ககிட்ட இருக்கு."

"அவ எங்க பொண்ணு சார்."

"உங்க லிஸ்ட்ல இருக்காளா?"

தமயந்தி மேடம் மேசை மேலிருந்த விசிலை எடுத்து, கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

போட்டிக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து ரஞ்சனியின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போனது. இறந்தவர் ஆடக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரு பதிவில்லாத பெண் வேறொரு கல்லூரிக்கு ஆடலாமா என்ற கேள்வியும் எழவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பெண் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஜெசிந்தாவிடம் கேட்டது தமயந்தி மேடம் ஒருவர்தான்.

"அவங்களுக்கு ஆடுறியாம்மா? உனக்கு இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லிடுறேன்."

"எவ்ளோ நேரம் மேடம்?"

"முழு ஆட்டம்."

"ஆடுறேன்."

திருச்சி மைதானத்தில் அன்று கூட்டம் அதிகமில்லை. கடற்கரைக் கல்லூரிப் பெண்கள் ஜெசிந்தாவுக்கு ஒன்பதாம் எண் சட்டையை மாட்டிவிட்டு, பின்னலை அவர்களே இறுக்கிக் கட்டினார்கள். சட்டை தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஆட்டம் தொடங்கியதும், "ரஞ்சி, இந்தா", "ரஞ்சி, பின்னால ஆளு" என்று கத்தினார்கள், கத்திக்கொண்டே சிலர் அழுதார்கள், அழுதுகொண்டே பந்தைத் துரத்தினார்கள். ஜெசிந்தா மூடிய கையோடு ஓடினாள். தன் கல்லூரிப் பிள்ளைகள் யார் எந்தப் பக்கம் சறுக்குவார்கள், யாருக்கு முதலில் மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளைத் தடுக்கும் வழி அவர்களுக்கும் தெரியும், மூன்று வாரமாக அதைத்தான் பழகியிருந்தார்கள். இரண்டு முறை சுற்றித் திரும்பி வலது காலால் அடித்தாள், இரண்டு முறையும் ஃபர்ஹானா பாய்ந்து தட்டிவிட்டாள். பார்வையாளர் வரிசையின் கீழ்ப்படியில் தனியாக உட்கார்ந்திருந்த அஞ்சலையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இடைவேளையில் கலியன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"பாப்பா, இந்த ஆட்டம் முடிஞ்சா முகம் போயிடும்ல?"

"ஆமா மாமா. விசில் ஊதினதும்."

"அக்கா அப்படியே பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. கண்ணு முன்னால போச்சுன்னா, மறுபடி ஒரு தரம் சாகக் குடுத்த மாதிரி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அக்காவ உள்ள விடல, கண்ணால பாக்கல. இன்னிக்குப் பாத்துடும்."

"நான் என்ன செய்யணும்?"

கலியன் யோசித்தான். "தெரியலம்மா" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியிலும் வெகுநேரம் யாரும் கோல் அடிக்கவில்லை. எழுபத்தோராவது நிமிஷம் ஓரத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக வந்து ஜெசிந்தாவின் இடது காலுக்கு முன்னால் விழுந்தது. எதிரே ஃபர்ஹானா மட்டும். ரஞ்சனியாக இருந்தால் சுற்றித் திரும்ப வேண்டும், திரும்பினால் அடிக்கலாம் அல்லது அடிக்காமல் போகலாம், பந்தை விட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, விசில்வரை அஞ்சலை இன்னும் பத்தொன்பது நிமிஷம் மகளைப் பார்ப்பாள், அதன் பிறகு பார்க்க மாட்டாள். ஜெசிந்தாவின் உடம்பு திரும்பத் தொடங்கியது, தோள் சாய்ந்தது. அதை அவள் நிறுத்தினாள். அது ஓடுகிற மாட்டு வண்டியைக் கையால் பிடித்து நிறுத்துவது போல இருந்தது, முழங்கால் வலித்தது, மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டு வருஷம் யாருக்கும் கணக்கில்லாமல் கல்லூரி மைதானத்தில் அடித்த அடி ஒன்று அவளுக்கென்று இருந்தது. அதை இடது காலால் அடித்தாள். பந்து கீழ்மூலையில் போய் வலையில் விழுந்தது. ஃபர்ஹானா எதிர்ப் பக்கம் பாய்ந்து கிடந்தாள்.

கடற்கரைப் பெண்கள் ஓடிவந்து மேலே விழுந்து "ரஞ்சி, ரஞ்சி" என்று கத்தினார்கள். அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து ஜெசிந்தா கீழ்ப்படியைப் பார்த்தாள். அஞ்சலை எழுந்து நின்றிருந்தாள். உதடு அசையவில்லை. குனிந்து பையை எடுத்துக்கொண்டு, தம்பியிடம் ஏதோ சொன்னாள். அவள் சொன்னது என்னவென்று கலியன் பிறகு போனில் சொன்னான். "இது நம்ம புள்ள இல்லடா. வேற யாரோ பெத்த புள்ள. வா, ஊருக்குப் போலாம். காரியத்துக்கு நாள் பாரு." இரண்டு பேரும் வெளிவாசல் வழியாகப் போவதை ஜெசிந்தா பார்த்தாள். மீதி நிமிஷங்களை அவள் திறந்த கையோடு ஓடினாள். அந்த முகத்துக்குள்ளிருந்து அவள் தானாக ஆடினாள். அது எப்படி இருந்தது என்று அப்போது அவளால் சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான் தெரிந்தது.

விசில் ஊதியதும் முகம் போயிற்று. கடற்கரைப் பெண்களில் ஒருத்தி, ஒன்பதாம் எண் சட்டைக்குள் முன்பின் தெரியாத ஒருத்தி நிற்பதைக் கண்டு, அழுகையை நிறுத்தி, சட்டைக்காக இரண்டு கையையும் நீட்டினாள். ஜெசிந்தா கழற்றி மடித்துக் கொடுத்தாள். 71, சிவரஞ்சனி என்று போட்டித் தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும் வேனில் ஜெசிந்தா வழக்கம்போலத் தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணப்பாறை தாண்டிய பிறகு ஃபர்ஹானா எழுந்துவந்து, கேனை நகர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்தாள்.

"நீ இடது காலால அந்த மூலைக்குத்தான் அடிப்பன்னு எனக்குத் தெரியும்டி. எத்தன தடவ பிடிச்சிருக்கேன். மூஞ்சியப் பாத்து ஏமாந்துட்டேன்."

"கோவமா?"

"ஆமா" என்றாள் ஃபர்ஹானா. ஆனால் எழுந்து போகவில்லை.

காரியம் அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. கலியன் எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். கல்லூரியிலிருந்து தமயந்தி மேடமும் ஃபர்ஹானாவும் ஜெசிந்தாவும் போனார்கள். குப்பத்தில் கடலுக்கு நூறடி தள்ளிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ரஞ்சனியின் படத்துக்கு மாலை. ஜெசிந்தா அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்த்தாள். மூன்று வாரம் கண்ணாடியில் பார்த்த முகம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூட வந்தவர்களைத் தவிர அவளைத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

பந்தி உட்கார்ந்தது. ஒரு இடத்தில் உட்காரச் சொல்லிச் சனங்கள் கெஞ்சியும் கேட்காமல் அஞ்சலை தானே ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தாள். ஜெசிந்தாவின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தவள், கரண்டியை வாளியிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"நீ எம் பொண்ணு கூட படிச்சவளா?"

"இல்லம்மா. திண்டுக்கல்லு."

"பந்து ஆடுறவளா?"

ஜெசிந்தா, "ஒரு மேட்ச் ஆடினேன்மா" என்றாள்.

"ஜெயிச்சீங்களா?"

எந்தப் பக்கத்தைச் சொல்வது என்று தெரியாமல் ஜெசிந்தா இலையைப் பார்த்தாள். பக்கத்து இலையிலிருந்து ஃபர்ஹானா நிமிர்ந்தாள்.

"இவ ஜெயிச்சாம்மா. நாங்கதான் தோத்துட்டோம்."

அஞ்சலை ஃபர்ஹானாவைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பின்னால் இரண்டு மூன்று பேர் ரசம் ரசம் என்று கூப்பிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை. குனிந்து ஜெசிந்தாவின் சோற்றில் விரலால் குழி செய்து, இரண்டு கரண்டி ஊற்றி, "பிசைஞ்சு சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

ரசம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. விரல் சுட்டது. ஜெசிந்தாவுக்கு நல்ல பசி.